முதுகில் கேட்ட ‘கடக்’ சத்தம்: தண்டுவடக் காயத்துக்குப் பத்து ஆண்டுகள் கழித்து வந்த முதுகெலும்புச் சிதைவு – ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூர் – பந்தலூர் பக்கம், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஒரு பராமரிப்புக் குழுவில் நான் இயன்முறை சிகிச்சையாளர். படுக்கையில் இருப்பவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள்தான் எங்களுக்கு அதிகம். அவர்களில் ஒருவருக்கு வந்த அரிதான ஒரு சிக்கலை இங்கே பதிவு செய்கிறேன். நோய் அரிது என்றாலும் அது காட்டிய அறிகுறிகள் எல்லாம் எங்கள் கண் முன்னால்தான் இருந்தன. அவற்றில் ஒன்றை ‘நல்ல முன்னேற்றம்’ என்று என் கையாலேயே நோட்டில் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது.

அவரும் அவர் மனைவியும் எழுதச் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது 31 வயது. 2011 பிப்ரவரி, மிளகு பறிக்கும் காலம். இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியை ஏற்றிவிடுவார்கள். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு ஏறிப் பறிக்க வேண்டும். பனியில் ஏணியின் கணு வழுக்கியிருக்கிறது. கீழே தேயிலைச் செடி வரிசைக்கு நடுவே இருந்த கல் மேல் முதுகு அடித்து விழுந்தார்.

மார்புப் பகுதி முதுகெலும்பில் 6-வது எலும்பு உடைந்து விலகி, தண்டுவடம் முழுவதுமாகச் சேதமானது. மார்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. மூன்றாம் நாள் கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை நடந்தது. 4-வது எலும்பிலிருந்து 8-வது எலும்பு வரை ஸ்க்ரூ போட்டுக் கம்பி வைத்தார்கள். தண்டுவடத்தின் மேலிருந்த அழுத்தத்தைக் குறைக்க, பின்பக்க எலும்பையும் கொஞ்சம் எடுத்தார்கள். ஏழு வாரம் கழித்து வீடு திரும்பினார்.

அவருடைய குடும்பம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964-ல் ஏற்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களுக்காக இந்த மலையில் அரசு தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அப்படி வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை இவர். லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) முன்னறை ஜன்னலைக் கடையாக மாற்றிக்கொண்டார். அரிசி, பருப்பு, சோப்பு, ரீசார்ஜ். நாற்காலியிலிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து கட்டிலுக்கு என்று ஒரு நாளில் இருபது தடவைக்குக் குறையாமல் கையை ஊன்றி மாறுவார். குனிந்து மூட்டையிலிருந்து அரிசி அள்ளுவார், திரும்பி அலமாரியில் எடுப்பார். கை அவ்வளவு பலம். எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களை முதலில் இவர் வீட்டுக்குத்தான் கூட்டிப்போவோம், ‘இப்படியும் வாழலாம்’ என்று காட்டுவதற்கு.

2017-ல் இருந்து எங்கள் குழு அவரைப் பார்க்கிறது. கால்களில் இறுக்கம் உண்டு. செருப்பு மாட்டும்போது கால் வெட்டி இழுக்கும். அதற்கு பேக்லோஃபென் மாத்திரை. சிறுநீர்ப்பை தானாகச் சுருங்கிக் காலியாகும், காண்டம் கதீட்டர் (சிறுநீரைப் பிடிக்க வெளியே மாட்டும் உறை) போட்டுக்கொள்வார். மலம் கழிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் மலக்குடல் மாத்திரை வைத்தால் அரை மணியில் வேலை முடியும். பத்து ஆண்டு இப்படியே ஓடியது.

முதல் எட்டு மாதம்

2021 செப்டம்பரில் ஒருநாள் அவர் சொன்னார்: “மேடம், கட்டிலுக்கு மாறும்போது முதுகுல ‘கடக்’குனு ஒரு சத்தம் வருதுங்க. வலியெல்லாம் இல்ல.” அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “எனக்கே இங்க கேக்குதுங்க” என்றார்.

நான் மேல் முதுகைத் தடவிப் பார்த்தேன், கம்பி இருக்கும் இடத்தை அழுத்திப் பார்த்தேன். கம்பி தளர்ந்திருக்குமோ என்று மட்டும்தான் யோசித்தேன். அசைவு எதுவும் தெரியவில்லை. ‘சத்தம் – கவனிக்கவும்’ என்று எழுதிவிட்டு வந்தேன். இடுப்புப் பக்கம் கை வைக்கவே இல்லை. சட்டையை முழுக்கக் கழற்றி, உட்கார வைத்து, பின்னாலிருந்து முழு முதுகையும் பார்த்திருந்தால் அன்றைக்கே ஏதாவது தெரிந்திருக்கலாம். லயத்து வீட்டின் இருட்டறையில், ஜூலை முதல் விடாமல் பெய்த மழைக் குளிரில், இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தவரைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நவம்பரில் கால் இறுக்கம் குறைய ஆரம்பித்தது. டிசம்பரில் வெட்டு இழுப்பு நின்றே போனது. மனைவிக்குப் பெரிய நிம்மதி, இனி இரவில் போர்வை விலகாது. அவருக்கும் சந்தோஷம். அன்றைய நோட்டில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘இறுக்கம் நன்றாகக் குறைந்துள்ளது. பயிற்சி பலன் தருகிறது. மாத்திரை அளவைக் குறைக்க மருத்துவரிடம் கேட்கலாம்.’ ஜனவரியில் மாத்திரை பாதியாகக் குறைக்கப்பட்டது.

பத்து ஆண்டு ஒரே மாதிரி இருந்த இறுக்கம் இரண்டே மாதத்தில் பயிற்சியால் காணாமல் போகாது. இறுக்கம் என்பது காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடமும் நரம்புகளும் உயிரோடு இருப்பதன் அடையாளம். அது போகிறது என்றால் கீழேயும் ஏதோ கெடுகிறது. படித்ததுதான், தேர்வில் எழுதியதுதான். ஆனால் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்திருக்கும்போது அதை யோசிக்கவில்லை.

பிப்ரவரியில் மலக்குடல் மாத்திரை வேலை செய்வது நின்றது. விரலால் எடுக்க வேண்டி வந்தது. சிறுநீர் விட்டு விட்டு வராமல் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ‘சிறுநீர்த் தொற்று’ என்று மருந்து கொடுக்கப்பட்டது. மார்ச்சில் இடது பிட்டத்து எலும்பின் மேல் புண். பதினோரு ஆண்டில் முதல் புண். நாற்காலி மெத்தை பழசாகிவிட்டது என்று முடிவு செய்து புது மெத்தை வாங்கிக் கொடுத்தோம். அவர் இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்திருந்ததை மனைவி கவனித்து, சாய்வைச் சரிசெய்ய இடது விலாவுக்கும் நாற்காலிக் கைக்கும் நடுவே ஒரு தலையணையைச் செருகியிருந்தார். நானும் அந்தத் தலையணையைப் பார்த்தேன், நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

இந்த நான்கும் – சத்தம், இறுக்கம் போனது, மலம் – சிறுநீர் மாறியது, சாய்வும் புண்ணும் – நான்கு வெவ்வேறு தாளில், நான்கு வெவ்வேறு பிரச்சினையாகப் பதிவாகியிருந்தன.

மே மாதம் வந்த தலைவலி

2022 மே இரண்டாம் வாரம் மனைவி போனில் கூப்பிட்டார். காலையில் எழுந்து உட்கார்ந்ததும் மண்டை வெடிப்பது போல் வலி, நெற்றியும் கழுத்தும் வியர்த்துக் கொட்டுகிறது, முகம் சிவந்துவிட்டது, படுத்தால் பத்து நிமிடத்தில் சரியாகிறது என்றார்.

மார்பு 6-வது எலும்புக்கு மேலோ அதை ஒட்டியோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இது தெரிந்த ஆபத்துதான். உணர்வில்லாத உடம்பின் கீழ்ப்பகுதியில் ஏதாவது உறுத்தல் ஏற்பட்டால் – நிரம்பிய சிறுநீர்ப்பை, கெட்டிப்பட்ட மலம், புண், மடங்கிய நகம் எதுவானாலும் சரி – மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். கவனிக்காமல் விட்டால் மூளையில் இரத்தக் கசிவு வரைக்கும் போகலாம். முதலுதவி எல்லோரும் அறிந்ததே: உடனே நிமிர்த்தி உட்கார வை, இறுக்கமான துணியைத் தளர்த்து, சிறுநீர், மலம், தோல் என்று வரிசையாகப் பார்.

நான் போனபோது படுத்திருந்தார். அழுத்தம் 104/62. உட்கார வைத்தோம். இரண்டு நிமிடத்தில் 168/98, நாடித் துடிப்பு 48. சிறுநீர்ப்பையைக் குழாய் விட்டுக் காலி செய்தேன், மலக்குடலைப் பார்த்தேன், புண் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். எதுவும் இறக்கவில்லை. படுக்க வைத்தேன், இறங்கியது. மறுபடி உட்கார வைத்தேன், ‘கடக்’ என்ற சத்தத்தோடு மறுபடி ஏறியது.

நிமிர்த்தினால் இறங்க வேண்டிய அழுத்தம் நிமிர்த்தினால் ஏறுகிறது. அப்போதுதான் ஸ்வெட்டரையும் பனியனையும் கழற்றச் சொன்னேன். கதவைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். கம்பி முடியும் இடத்துக்கு வெகு கீழே, இடுப்புக்குச் சற்று மேலே, முதுகு ஒரு முட்டியளவு பிதுங்கி நின்றது. கையை வைத்துக்கொண்டு அவரை இடமும் வலமுமாக லேசாகச் சாய்க்கச் சொன்னேன். என் உள்ளங்கைக்குக் கீழே எலும்பு எலும்பின் மேல் நழுவி இறங்கியது. முதுகெலும்பு அசையக் கூடாத இடத்தில் கீல் போட்ட கதவு மாதிரி அசைந்தது. அந்த உணர்வை என் கை இன்னும் மறக்கவில்லை.

அன்று மாலையே எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்புப் பகுதியின் முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய வட்டு (டிஸ்க்) இல்லை. இரண்டு எலும்பும் பாதி அரிக்கப்பட்டு, ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி நின்றன. முதன்முதல் சத்தம் சொன்ன நாளிலிருந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

காசநோய் என்ற முதல் முடிவு

படத்தைப் பார்த்த மருத்துவமனையில் எலும்புக் காசநோய் என்றார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் இரண்டு எலும்பும் நடு வட்டும் அரித்துப் போன படத்தைப் பார்த்தால் முதலில் காசநோயைத்தான் நினைக்க வேண்டும். இரத்தத்தில் இ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சியோ தொற்றோ இருந்தால் ஏறும் அளவு) 52. உடல் இளைத்திருந்தது. ஆனால் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் உள்ளவருக்கு இ.எஸ்.ஆர். எப்படியும் ஏறித்தான் இருக்கும். அந்த எண்ணை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது.

சதை எடுத்துச் சோதிக்காமலேயே ஜூன் முதல் வாரம் காசநோய் மாத்திரை தொடங்கப்பட்டது. எலும்புக் காசநோய்க்கு ஓராண்டு போல மருந்து எடுக்க வேண்டும். ஓராண்டு சாப்பிடச் சொல்லும் மருந்தைத் தொடங்கும் முன் கிருமி இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். இன்னொரு விஷயம், மருந்து தொடங்கிய பிறகு எடுக்கும் சதையில் கிருமி வளராமல் போகலாம், அப்போது ‘இல்லை’ என்ற பதிலையும் நம்ப முடியாது.

ஆறாவது வாரம் வாந்தி, கண்ணில் மஞ்சள். கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது. மாத்திரை நிறுத்தப்பட்டது. முதுகில் எந்த மாற்றமும் இல்லை, சத்தம் கூடியிருந்தது.

இந்த இடத்தில்தான் நான் என்னுடைய மூத்தவர் ஒருவரைக் கேட்டேன். அவர் வேலூரில் பயிற்சி பெற்றவர். விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் மருத்துவராகத் தொடர்ந்த மேரி வர்கீஸ் 1960-களில் அங்கே உருவாக்கிய மறுவாழ்வு மையம்தான் இந்தத் துறையில் நமக்கு முன்னோடி. நோட்டில் இருந்த எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதி அனுப்பினேன். அவர் படம் கேட்கவில்லை. “கால் இறுக்கம் போனது முதல்லயா, புண் வந்தது முதல்லயா?” என்று மட்டும் கேட்டார். இறுக்கம்தான் முதலில் என்றேன். “அப்ப காசநோய்னு ஒத்துக்கறதுக்கு முன்னாடி சார்காட் இல்லைன்னு நிரூபிச்சுக்கோ” என்றார்.

நான்கு தாளில் கிடந்ததை ஒரே தாளில் எழுதியபோதே எனக்கும் பாதி புரிந்துவிட்டது.

சார்காட் முதுகு என்பது

வலி உணர்வு இல்லாத மூட்டு தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. நமக்கு மூட்டில் லேசான சிராய்ப்பு ஏற்பட்டால் வலிக்கும், அசைக்காமல் விடுவோம், ஆறிவிடும். வலி தெரியாதவர் அசைத்துக்கொண்டே இருப்பார். சிறு சிறு முறிவுகள் சேர்ந்து மூட்டு நொறுங்கும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1868-ல் இதை விவரித்தார். நம் ஊர் மருத்துவமனைகளில் அவர் பெயர் சார்காட் ஆகிவிட்டது. சர்க்கரை நோயாளிகளின் பாதம் உடைந்து தட்டையாவதைப் பலர் பார்த்திருப்பார்கள், அதே நோய்தான். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அது முதுகெலும்பில் வரும். அரிது, வருவதற்கும் பல ஆண்டு ஆகும்.

இவருக்கு ஏன் இந்த இடத்தில்? மேலே ஐந்து எலும்பு கம்பியால் ஒரே கட்டையாக இருக்கிறது. அந்தக் கட்டை நெம்புகோல் மாதிரி வேலை செய்து, கீழே அசையும் எலும்புகளின் மேல் முழு பாரத்தையும் இறக்கும். தினமும் இருபது தடவை மாறுவது, குனிந்து அள்ளுவது, திரும்பி எடுப்பது எல்லாம் அந்த ஒரே இடத்தில் போய் முடிந்திருக்கிறது. சுறுசுறுப்பாக வாழ்ந்ததற்கு அவர் உடம்பு கொடுத்த விலை இது. எழுதவே கஷ்டமாக இருக்கிறது. மலை வீட்டில் படுத்தே கிடந்திருந்தால் இது வந்திருக்காமல் போயிருக்கலாம், ஆனால் வேறு பத்து வந்திருக்கும்.

இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில்தான் தண்டுவடத்தின் நுனி முடிந்து கால், சிறுநீர்ப்பை, மலக்குடல் நரம்புகள் கொத்தாக இறங்குகின்றன. நொறுங்கிய எலும்பு அந்த இடத்தை நசுக்கியதால் இறுக்கம் போனது, மலக்குடல் மாத்திரை வேலை செய்யாமல் போனது, சிறுநீர் ஒழுகியது. உட்காரும்போது எலும்பு நழுவியது. அந்த உறுத்தலில் அழுத்தம் ஏறியது. இடுப்பு எலும்பு சாய்ந்ததால் இடது பக்கம் மட்டும் பாரம் விழுந்து புண்ணானது. நான்கு பிரச்சினையும் ஒரே பிரச்சினை.

கோயம்புத்தூர் வரை

ஜூலை கடைசியில் கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக உதகைக்கு ஏறி, குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக இறங்க வேண்டும். முதலில் சாய்ந்து உட்காரும் நிலையில்தான் வண்டியில் ஏற்றினோம். நடுவட்டம் வருவதற்குள் வளைவுக்கு வளைவு உடம்பு ஆடி, அழுத்தம் 160-ஐத் தாண்டியது. வண்டியை ஓரம் கட்டி, கட்டை போல ஒரே அசைவில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் கம்பளியைச் சுருட்டி அணை கொடுத்தோம். அதற்குப் பிறகு மேட்டுப்பாளையம் வரை 120-ஐத் தாண்டவில்லை. முதுகு நிலைகுலைந்திருக்கிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா என்று கேட்டார், அங்கே எங்கள் குறிப்பைப் படித்த அறுவை மருத்துவர்.

ஒன்று சொல்ல வேண்டும். 140 என்ற எண்ணைப் பார்த்து ‘லேசான பிரஷர்’ என்று வழியில் ஒருவர் சொன்னார். இவருக்கு இயல்பே 100 சுற்றித்தான். இவரைப் போன்றவர்களுக்கு வழக்கத்தைவிட 20, 30 கூடினாலே ஆபத்தின் தொடக்கம்.

சிடியும் எம்ஆர்ஐயும் எடுக்கப்பட்டன. காசநோய் பெரும்பாலும் எலும்பின் முன்பக்கத்தைத் தின்னும், பின்பக்கச் சிறு மூட்டுகளை விட்டுவைக்கும், சீழ் கட்டும். இவருக்குப் பின்பக்க மூட்டுகளும் சேர்ந்தே நொறுங்கியிருந்தன. வட்டு இருந்த இடத்தில் காற்றுக் குமிழ். சுற்றிலும் எலும்புத் தூள், ஓரங்களில் கிளி மூக்கு போலப் புது எலும்பு வளர்ச்சி, மிச்ச எலும்பு தந்தம் போலக் கெட்டிப்பட்டு வெளுத்திருந்தது. எல்லாம் சார்காட் பக்கமே காட்டின.

தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாகி மேல்நோக்கிப் பரவும் இன்னொரு சிக்கலும் இப்படிப்பட்டவர்களுக்குப் பல ஆண்டு கழித்து வரும். கை மரத்துப்போகும், பலம் குறையும், இருமினால் வலிக்கும். இவருக்குக் கையில் மாற்றம் இல்லை. என்றாலும் கழுத்து வரை முழுத் தண்டுவடத்தையும் படம் எடுத்தார்கள். நீர்ப்பை இல்லை.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கிருமி இல்லை என்பதை உறுதி செய்யாமல் கம்பி வைக்க முடியாது. சிடி உதவியோடு ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். உணர்வில்லாத இடம்தானே என்று மயக்க மருத்துவர் இல்லாமல் செய்யவில்லை. வலி தெரியாவிட்டாலும் அழுத்தம் ஏறும், நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க வேண்டும். ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையில் காசக் கிருமி இல்லை. சதையில் செத்த எலும்புத் துணுக்கும் நார்த் திசுவும் மட்டும். இரண்டு மாதம் காத்திருந்த கல்ச்சரிலும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை. மருந்து ஆறு வாரம் சாப்பிட்டிருந்ததால் இந்தக் கடைசிப் பதிலுக்காகக் காத்திருந்தே ஆக வேண்டியிருந்தது.

பெல்ட்டா, அறுவையா

பெல்ட் போட்டுப் பார்க்கலாம் என்பது ஒரு வழி. உணர்வில்லாத தோலில் நாள் முழுக்க இறுக்கமான பெல்ட், ஏற்கெனவே பிதுங்கிய எலும்பு, சரிந்துகொண்டே போகும் முதுகு. புண் வந்தே தீரும். உட்காரும்போதெல்லாம் அழுத்தம் 160-க்கு மேல் போகிறவருக்கு அது போதாது என்று முடிவானது.

அறுவை என்றால், செத்த எலும்பை எடுத்து, நடுவில் கூண்டு வைத்து, பழைய கம்பியோடு புதுக் கம்பியை இணைத்து, கீழே இடுப்புக் கூட்டு எலும்பு வரை கட்ட வேண்டும். ஏன் அவ்வளவு கீழே? இடுப்பு எலும்பின் மேலேயே நிறுத்தினால் மிச்சம் அசையும் அந்த ஒரே இடத்தில் மறுபடி இதே நோய் வர வாய்ப்பு அதிகம். ஆனால் இடுப்பு வரை கட்டினால் அவரால் முதுகை வளைக்கவே முடியாது.

இதைக் கேட்டதும் அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “குனிய முடியலைன்னா மூட்டையில இருந்து அரிசி எப்படிங்க அள்ளுவேன்? கால்ல செருப்பு யாரு மாட்டுவா?” மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. இரண்டு வாரம் யோசித்துவிட்டுச் சொல்லச் சொன்னார். அந்த இரண்டு வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், மார்பிலிருந்து இடுப்பு வரை அட்டையும் மரச்சட்டமும் வைத்துக் கட்டி, வளையாத முதுகோடு படுத்த நிலையிலேயே உடை மாற்ற, குழாய் போட, பொருள் எடுக்கப் பழகச் செய்ததுதான். எதை இழக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்.

அதற்கு முன் புண் ஆற வேண்டும். ஒன்பது வாரம் உட்காரவே இல்லை. மனைவி இரண்டு மணிக்கு ஒருமுறை, அலாரம் வைத்து, இரவிலும் திருப்பிப் படுக்க வைத்தார். கேழ்வரகு, முட்டை, பயறு. கடையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார்.

அறுவையும் அதற்குப் பிறகும்

2022 நவம்பரில் அறுவை நடந்தது. ஒன்பது மணி நேரம். இரண்டு கம்பிக்குப் பதிலாக நான்கு கம்பி வைத்தார்கள், ஏனென்றால் கம்பி முறிவது இந்த அறுவையில் அடிக்கடி நடப்பது. செலவின் பெரும்பகுதியை முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை தாங்கியது. மலைக்கும் சமவெளிக்கும் வண்டி வாடகையை எந்த அட்டையும் தாங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தையலில் கசிவு. மறுபடி திறந்து கழுவி, ஆறு வாரம் மருந்து கொடுத்தார்கள். 2023 பிப்ரவரியில்தான் முதன்முதல் உட்கார வைத்தோம். 102/64. ஐந்து நிமிடம் கழித்து 106/64. அறையில் யாரும் பேசவில்லை. எல்லோரும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். வரவில்லை.

தலைவலியும் வியர்வையும் அதன் பிறகு வரவில்லை. நேராக உட்காருகிறார், தலையணை தேவைப்படவில்லை, புண்ணும் திரும்பவில்லை. ஆனால் நசுங்கிய நரம்புகள் மீளவில்லை. கால்கள் துவண்டே இருக்கின்றன, சிறுநீர்ப்பை சுருங்குவதில்லை. நாளைக்கு ஐந்து முறை தானே குழாய் விட்டு எடுக்கிறார். எட்டு மாதம் முன்னதாகக் கண்டிருந்தால் இது தப்பியிருக்குமா என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். ஒரு பகுதியாவது தப்பியிருக்கலாம் என்று சொன்னேன். அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

2024 மார்ச் எக்ஸ்ரேயில் வலப்பக்கக் கம்பி ஒன்றில் விரிசல் தெரிந்தது. சிடியில் எலும்பு நன்றாக ஒட்டியிருந்ததால் கம்பியைத் தொடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்ப்பதாக முடிவு. கடையில் மூட்டைகளை எடுத்துவிட்டு, அரிசியையும் பருப்பையும் மார்பு உயரப் பலகையில் டின்களில் வைத்திருக்கிறார். மாறுவதை இருபதிலிருந்து ஆறு தடவையாகக் குறைத்தோம்.

எதை மாற்றியிருக்கிறோம்

தண்டுவடம் அடிபட்டவர்களின் நோட்டை மாற்றி அமைத்தோம். முன்பு ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தாள். இப்போது ஓராண்டு முழுவதும் ஒரே விரிந்த தாளில் ஓடுகிறது. இறுக்கம், மலம், சிறுநீர், வியர்வை, உட்காரும் சாய்வு, சத்தம் ஆகிய ஆறுக்கும் ஒவ்வொரு வரி. எந்த வரியாவது மேலேயோ கீழேயோ நகர்ந்தால், அது நல்லதாகத் தெரிந்தாலும், மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். இறுக்கம் குறைந்தால் மாத்திரையைக் குறைக்கும் முன் காரணம் தேட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு முதுகையும் வெளிச்சத்தில், உட்கார்ந்த நிலையில் பார்க்கிறோம். குளிருக்காக வண்டியில் ஒரு சிறு ஹீட்டர் எடுத்துப் போகிறோம். கம்பி வைத்தவர்களுக்கு எக்ஸ்ரே எழுதும்போது கம்பி இருக்கும் இடத்தோடு நிறுத்தாமல் இடுப்பு எலும்பு வரை, முடிந்தால் உட்கார்ந்தும் படுத்தும் இரண்டு படம் கேட்கிறோம். படுத்து எடுத்த படத்தில் நழுவல் மறைந்துவிடும்.

எலும்பு அரித்த படம் வந்தால், உடல்நிலை அனுமதிக்கும் வரை, சதைச் சோதனைக்கு முன் காசநோய் மாத்திரை தொடங்க வேண்டாம் என்று குறிப்போடு கேட்டுக்கொள்கிறோம். கேட்பதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. மருத்துவரிடம் ஒரு இயன்முறை சிகிச்சையாளர் இதைச் சொல்வது எல்லா இடத்திலும் நன்றாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை கொடுத்திருக்கிறோம். இவருடைய அட்டையில் இப்படி இருக்கிறது: ‘என் இயல்பான இரத்த அழுத்தம் 100/60. 130-க்கு மேல் போனால் எனக்கு அது ஆபத்து. தலைவலியோடு அழுத்தம் ஏறினால் நிமிர்த்தி உட்கார வையுங்கள், சிறுநீர்ப்பையைப் பாருங்கள். உட்கார வைத்ததும் இன்னும் ஏறினால் படுக்க வைத்து, என் முதுகை எக்ஸ்ரே எடுங்கள்.’ கடைசி வரியை அவரே சொல்லி எழுத வைத்தார். அடுத்த படம் எடுக்க வரும் மாதம் மறுபடி கோயம்புத்தூர் போகிறோம்.